இளங்கோயிலும் பழங்கற்படியும்

பழைய மனை ஒன்று பழுதுற்றால் அதனுட் குடியிருப்போர் செய்யத்தக்கன இரண்டு. மனையை விட்டு வேறிடம் புகுந்து, பணி முடிந்தபின் மீளுதல் ஒன்று. போக்கிடம் இல்லாதார், அல்லது போக மனமில்லாதார், அதனுள்ளே இருந்துகொண்டே அதனைப் புதுக்குதல் மற்றொன்று. கூடத்தின் மேற்கூரையைப் பிரித்தால் அடுப்பு தாழ்வாரத்திற்கு வரும். தொட்டில் இரேழிக்குப் போகும். பூசை மாடத்து விளக்கு ஒரு மூலையில் திரைமறைவில் எரியும். தச்சரும் கொல்லரும் தம் தொழிலைச் செய்ய, உலை ஒருபுறம் கொதிக்கும். இவ்வாறு புதுக்குவோன் இரண்டு கல்வியும் உடையவனாதல் வேண்டும். எதனைப் பிரிக்கலாம் என்று அறிதல் ஒரு கல்வி. எதனைத் தொடலாகாது என்று அறிதல் அதனினும் பெரிய கல்வி.

மக்கள் மனைக்கு உரிய இவ்வுண்மை இறைவன் மனைக்கும் பொருந்தும். கோயில் என்னும் சொல்லே கோவினது இல் என்று பொருள்படுவது. அரசன் இல்லத்தையும் ஆண்டவன் இல்லத்தையும் ஒரு சொல்லால் வழங்கிய தமிழர், அங்கே உறைபவன் ஒருவன் உளன் என்பதனை ஒருபொழுதும் மறந்திலர். அவனுக்கு நாடோறும் திருமஞ்சனம் உண்டு, அமுது உண்டு, விளக்கு உண்டு, பள்ளியறை உண்டு. 'கட்டடம் பழுதுற்றது, ஆதலின் ஓராண்டு பூசை இல்லை' என்று கூறுதற்கு ஆகமத்தில் இடமில்லை. அங்ஙனமாயின், ஆயிரம் ஆண்டு பழமையுடைய கல்மனையை, உறைபவன் உறைந்திருக்கவே புதுக்கியது எவ்வாறு? இவ்வினாவிற்கு நம் முன்னோர் கண்ட விடை இரண்டு. உறைபவனுக்கு இளங்கோயில் அமைத்தனர். அம்மனையில் எழுதப்பட்டிருந்த சொல்லுக்குப் பழங்கற்படி எடுத்தனர். இவ்விரண்டன் வரலாறே ஈண்டு ஒருசிறிது ஆராயப்பெறும்.

செங்கல் தளி கற்றளி ஆயது

தமிழகத்துப் பழங்கோயில்கள் தொடக்கத்தில் செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் ஆனவை. விழுப்புரத்திற்கு அண்மையிலுள்ள மண்டகப்பட்டில் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவரை அமைத்த மகேந்திரவர்ம பல்லவன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி அதனைச் சமைத்ததாகத் தன் சாசனத்தில் பெருமிதத்தோடு பொறித்தான். அக்காலத்துக் கோயில்கள் பெரும்பாலும் எப்பொருள்களால் ஆயின என்பது அப்பெருமிதத்தாலேயே விளங்கும்.

செங்கல் தளிக்கு வாழ்நாள் குறைவு. பறவை இட்ட விதை சுவரின் பிளவிற் புகுந்து ஆலாகவும் அரசாகவும் முளைக்கும். அதன் வேர் சுதையைப் பிளக்கும். பிளவின் வழியே மழைநீர் இறங்கும். திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரப்படை ஏந்தித் தலந்தோறும் சென்று புல்லும் முளையும் களைந்தது அன்பின் செயல் மட்டும் அன்று. கட்டடக்கலை அறிந்தாரும் தலைமேற்கொள்ளத்தக்க செயல். வேர் இளையதாயிருக்கும்போதே களைந்தால் ஒரு கருவி போதும். முதிர்ந்தபின் களையின் சுவரையே பிரிக்க வேண்டும். நாடோறும் செய்யும் சிறு பணி, நூற்றாண்டிற்கு ஒருமுறை செய்யும் பெரும் பணியைத் தள்ளிவைக்கும். இதனை உழவாரத் திருப்பணி செய்யும் அன்பர்கள் இன்றும் நன்கு அறிவர்.

ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் சோழர் ஆட்சி தழைத்த காலத்தில், காவிரியின் இருகரையிலும் இருந்த செங்கல் தளிகள் பல கற்றளிகளாக மாறின. காவிரிப் படுகை வண்டல் நிலம். அங்குக் கல் விளையாது. மேற்கேயுள்ள பாறை நிலங்களிலிருந்து கல் கொணர்தல் வேண்டும். அவ்வருமையை நோக்கின், அக்காலத்தவர் மேற்கொண்ட முயற்சியின் பெருமை புலனாகும். திருவாவடுதுறைச் சாசனங்களில் கற்றளிப்பிச்சன் என்னும் பெயர் காணப்படுகின்றது. கற்றளி எடுப்பதிலே பித்துக் கொண்டவன் என்பது அதன் பொருள். ஒரு காலத்தின் வேட்கை முழுவதும் ஒரு பெயருள் அடங்கிவிட்டது.

உறைபவனுக்கு இளங்கோயில்

இக்கோயில்கள் யாவும் வெற்றிடங்கள் அல்ல. அவற்றுட் பல மூவர் முதலிகளின் பாடல் பெற்றவை, பூசை நிகழ்ந்துகொண்டிருந்தவை. ஆதலின் பழைய தளியைப் பிரிக்குமுன் இறைவனுக்கு வேறோர் இல் சமைக்க வேண்டியதாயிற்று. அச்சிறு இல்லே இளங்கோயில் எனப்பட்டது. வடமொழியாளர் பாலாலயம் என்பர்.

இவ்வழக்கம் மிகப் பழையது. அப்பர் சுவாமிகள் தம் அடைவு திருத்தாண்டகத்தில் கோயில் வகைகளை எண்ணுமிடத்துக் கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் ஆகியவற்றோடு இளங்கோயிலையும் எண்ணினர். பேரளத்திற்கு அருகிலுள்ள திருமீயச்சூரில் ஒரே வளாகத்தில் பெருங்கோயிலும் இளங்கோயிலும் இருத்தலை இன்றும் காணலாம். ஆளுடைய பிள்ளையார் பாடியது மீயச்சூர்ப் பெருங்கோயிலை. ஆளுடைய அரசர் பாடியது இளங்கோயிலை. பெருங்கோயில் திருப்பணியில் இருந்த காலத்தில் அரசர் அங்கு எழுந்தருளினர் என்று ஆன்றோர் கூறுவர். இறைவன் பெருங்கோயிலிலிருந்து வெளிப்போந்து சிறு இல்லில் இருந்தபோதும் அவனைப் பாட அடியார் தயங்கிலர். அச்சிறு இல்லும் பதிகம் பெற்றுத் தனித்தலம் ஆயிற்று.

திருக்குட நீராட்டினை ஆகம வழக்கு நால்வகையாக்கும். புதிதாகக் கோயில் எடுத்துச் செய்வது ஆவர்த்தம். ஆற்றாலோ கடலாலோ அழிந்தும், பூசையின்றிக் கிடந்தும் போனதனை மீளச் சமைத்துச் செய்வது அனாவர்த்தம். கருவறை, பிராகாரம், கோபுரம் முதலியன பழுதுற்றபோது பாலாலயம் அமைத்துப் புதுக்கிச் செய்வது புனராவர்த்தம். தகாதன நிகழ்ந்தவழித் தூய்மை வேண்டிச் செய்வது அந்தரிதம். இவற்றுள் மூன்றாவதே, குடியிருந்தபடியே மனையைப் புதுக்கும் நெறி.

இதன் முறையும் அறியத்தக்கது. மூலத் திருமேனியிலுள்ள கலைகளை மந்திரத்தால் கும்பத்தில் ஈர்த்தலைக் கலாகர்ஷணம் என்பர். பின்னர் அக்கும்பத்திலிருந்து, மரத்தாலாகிய திருமேனியிலோ பலகையில் எழுதிய உருவிலோ கலைகளை ஏற்றி, இளங்கோயிலில் வைத்து வழிபடுவர். விமானத்தில் மட்டும் பணி உளதாயின், விமானத்தையே படமாக எழுதி வழிபட்டு, மூலவரை இடம்பெயர்க்காது பணி செய்தலும் உண்டு. இளங்கோயிலில் நித்திய பூசை தவறாது. பெருந்திருவிழாக்கள் மட்டும் நிறுத்தி வைக்கப்பெறும். மனையில் பணி நடக்கும்போது நாள்தோறும் சமையல் உண்டு, திருமணம் மட்டும் தள்ளிவைக்கப்படும் என்று இல்லறத்தார் கொள்ளும் ஒழுங்கே இது. பணி முடிந்தபின் கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டும் கூட்டி இடித்த அட்டபந்தன மருந்தால் திருமேனி பீடத்தொடு பிணிக்கப்பெறும். பின்னர் இளங்கோயிலில் இருந்த கலைகள் மீளவும் மூலத் திருமேனியில் ஏறும்.

16ஆம் நூற்றாண்டில் தில்லையில் விளங்கியவரும், சிவஞான சித்தியாருக்கு உரை கண்டவருமான மறைஞான தேசிகர், சீர்ணோத்தாரம் பற்றிய பத்துச் சுலோகங்களுக்கு வடமொழியில் விரிந்த உரை வரைந்தனர். பழுதுற்றதனைப் புதுக்குதல் தனியொரு சாத்திரமாகவே ஆராயப்பெற்றது என்பதற்கு அந்நூல் சான்று. புதியது எடுத்தலினும் பழையது புதுக்குதல் பெரும்பயன் தரும் என்று ஆகமங்கள் கூறுதலும் ஈண்டு நினைத்தற்குரியது.

சொல்லுக்குப் பழங்கற்படி

உறைபவனுக்கு இவ்வாறு இடம் அமைந்தது. மனையின் சுவரில் எழுதப்பட்டிருந்த சொல் என் ஆயிற்று? இவ்விடத்தேதான் செம்பியன் மாதேவியாரின் பெருமை விளங்குகின்றது.

மழவர் குலத்திற் பிறந்து, தில்லைக்குத் திருவிசைப்பாப் பாடிய கண்டராதித்த சோழரின் தேவியாராய், உத்தம சோழரின் தாயாராய் விளங்கிய இவ்வம்மையார், கணவரை இழந்தபின் தம் நெடிய வாழ்நாளைத் திருப்பணிக்கே உரிமையாக்கினர். கோனேரிராசபுரம் என இன்று வழங்கும் திருநல்லத்தில், தம் கணவர் திருப்பெயரால் கற்றளி எடுப்பித்தனர். கண்டராதித்தர் சிவலிங்கத் திருமேனியை வழிபடும் காட்சி அங்குச் சிற்பமாக உள்ளது. அம்மையாரின் ஆணைப்படி அக்கற்றளியைச் செய்வித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்பவரின் உருவமும் பெயரும் அங்கேயே பொறிக்கப்பெற்றன. பொருள் தந்தவரோடு பணியை முன்னின்று முடித்தவரையும் கல்லில் நிறுத்திய பெருந்தன்மை அது.

காவிரியின் வடகரையிலுள்ள திருக்கோடிகாவிலும் அம்மையார் கற்றளி எடுப்பித்தனர். அங்குப் பழைய கற்களில், பல்லவர் காலத்தனவும் உட்பட, பல சாசனங்கள் இருந்தன. அவை நிலம் தந்தவர், பொன் தந்தவர், விளக்கு வைத்தவர் பெயர்களைத் தாங்கியவை. புதிய கோயில் எடுப்போர் பலர் பழைய பெயர்களை விரும்பார். தம் பெயர் மட்டும் விளங்க வேண்டும் என்பர். அம்மையாரோ அச்சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீள வெட்டுவித்தனர். அவ்வாறு வெட்டிய இடத்து, இதுவும் ஒரு பழங்கல்லின் படியே என்று பொருள்படும் குறிப்பும் சேர்க்கப்பெற்றது. பழையது பழையதே என்றும், இது அதன் படியே என்றும் காட்டிய அவ்வாய்மை, இக்காலத்து ஆராய்ச்சியாளரும் போற்றுவது. திருக்கோடிகாவில் பல்லவர் கால வரலாறு இன்று அறியக்கிடப்பது, பழைய கல் நிலைத்தமையால் அன்று; அதனைப் புதுக்கிய ஒரு பெண்ணரசியின் நேர்மையால்.

இந்நெறியைப் பின்வந்த மன்னரும் கைக்கொண்டனர். கொள்ளிடத்தின் வடகரையில், சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடல் பெற்ற திருமழபாடி உள்ளது. அங்குள்ள வைத்தியநாதப் பெருமான் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்குமாறு முதல் இராசராசர் தம் 28ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1013ஐ ஒட்டி, ஆணையிட்டனர். பிரிக்குமுன் அதன் கல்வெட்டுகள் அனைத்தையும் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுமாறு பணிக்கப்பட்டது. இராசராசர் மறைந்தனர், முதல் இராசேந்திரர் அரசு கட்டில் ஏறினர். அவருடைய 14ஆம் ஆண்டில், கி.பி. 1026ஐ ஒட்டி, அப்புத்தகத்தில் இருந்தவை புதிய சுவரில் மீள வெட்டப்பெற்றன.

இடைப்பட்ட காலம் ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள். ஓர் அரசர் ஆணையிட, மற்றோர் அரசர் நிறைவேற்றினர். அத்துணைக் காலமும் அச்சொற்கள் ஏட்டினுள் வாழ்ந்தன. இறைவன் இளங்கோயிலில் காத்திருந்தாற்போல, எழுத்தும் தனக்கமைந்த இளங்கோயிலாகிய புத்தகத்தில் காத்திருந்தது எனலாம்.

எழுத்தின்பால் இத்துணை அன்பு ஏன்?

கல்வெட்டு என்பது அணிகலன் அன்று, உடன்படிக்கை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் ஒரு விளக்கு எரிதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை வைக்கப்பெற்றன. அவற்றைப் பெற்ற இடையர், விளக்கு ஒன்றிற்கு நாளொன்றுக்கு உழக்கு நெய் அளத்தல் வேண்டும். ஆடு மூத்து இறப்பினும் அதன் ஈற்றால் தொகை குறையாது என்னும் கருத்தால், அத்தகைய ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஆடு சாவாமைக்கும் விளக்கு அவியாமைக்கும் பிணை யாது? சுவரில் வெட்டிய எழுத்தே. அவ்வெழுத்து அழிந்தால், கேட்பதற்கு உரிமை அழியும். கேட்பார் இலராயின் நெய் குறையும். நெய் குறையின் விளக்கு அவியும்.

ஆதலின் பழைய கல்லைப் பெயர்த்து எழுத்தைக் கைவிட்டவன், எவனோ ஒருவன் தன் தாய்க்காகவோ தமையனுக்காகவோ ஏற்றிய விளக்கை அவித்தவனாவான். சாசனங்களின் இறுதியில், இத்தருமத்தைக் காத்தவருடைய திருவடி என் தலைமேலன என்னும் கருத்துப்பட எழுதும் வழக்கம் உண்டு. கொடுத்தவன் தன் காலத்திற்குப் பின்வரும் முகமறியாத ஒருவனுடைய காலைத் தன் தலைமேற் கொள்ளுகின்றான். அப்பின்வந்தவர் யார்? ஒவ்வொரு தலைமுறையிலும் திருப்பணி செய்வாரே.

புதுக்குங்கால் இழந்தன

பிற்காலத்தில் இந்நெறி எங்கும் ஒருபடித்தாக நின்றது என்று கூறுதற்கில்லை. பழைய விமானங்கள் பிரிக்கப்பட்டுப் புதியன எழுந்தபோது, எழுத்துள்ள கற்கள் தளவரிசையாகவும் படியாகவும் மடைவாயாகவும் மாறியது உண்டு. பாதி எழுத்து ஒரு சுவரிலும் மறுபாதி மற்றொரு சுவரிலும் தலைகீழாக நிற்பதனைப் பல ஊர்களில் காணலாம். இதனால் அன்பர்களின் பத்தி குறைந்தது என்பது பொருளன்று. பொருளை வாரி வழங்கினர். ஆனால் படியெடுக்கும் கல்வி மறந்துபோயிற்று. 1886இல் கல்வெட்டுத் துறைக்கெனத் தனி அறிஞர் அமர்த்தப்பட்டு, 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் முதற்பகுதி வெளிவந்தபின், மைப்படி எடுக்கும் பணி செம்பியன் மாதேவியார் செய்வித்த பணியை வேறு வகையால் தொடர்ந்தது. சுவரில் அழிந்து அச்சில் மட்டும் வாழும் சாசனங்களும் உள.

அறியாது காத்த நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியங்களின் அடியில் சோழர் காலத்து ஓவியங்கள் மறைந்திருந்தமையை, 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தனர். பின்வந்தார் முன்னையதன்மேல் புதிய சுதை பூசி எழுதினர். எனினும் அடியில் இருந்ததனை முற்றும் சுரண்டி எறிந்திலர். அச்சிறு பொறுமையால், ஒரே சுவரில் இரு காலத்து அன்பும் எஞ்சின.

அண்மைக் காலத்தில் வேறுவகை இடர்கள் தோன்றின. கல்லைத் துலக்குதற்கு மணலைக் காற்றின் விசையால் வீசியடித்தனர். அழுக்கொடு எழுத்தும் சிற்பத்தின் கண்ணும் இதழும் தேய்ந்தன. இம்முறையை அறநிலையத் துறை தடுத்தது. 2021ஆம் ஆண்டு சூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தொன்மைக் கோயில்களைக் காத்தல் குறித்து 75 கட்டளைகள் பிறப்பித்தது. ஆயினும் ஆணை ஓரிடத்திலும் உளி வேறிடத்திலும் இருத்தலின், ஊரார் அறிவே முதற்காவல்.

திருப்பணி செய்வார் கருதத்தக்கன சில. திருச்சுற்றில் பழைய தளத்தின்மேல் புதிய பலகைக் கல் பரப்பினால் தரை உயரும். அதிட்டானத்தின் குமுதமும் அதன்கீழ் வெட்டிய எழுத்தும் புதையும். மழைநீர் வெளியேறாது உட்புகும். ஆதலின் பழைய தளத்தை எடுத்த பின்னரே, பழைய மட்டத்திலேயே புதியது பரப்புதல் தகும். சுண்ணாம்புச் சாந்தால் இணைந்த பழஞ்சுவரில் சிமெந்துப் பூச்சு இட்டால், உள்ளிருக்கும் ஈரம் வெளிப்போக வழியின்றிக் கல்லையும் செங்கல்லையும் அரிக்கும். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் கூட்டி அரைத்த சுண்ணாம்பே பழைய சுவருக்கு உறவு. கல்லைப் பிரிக்கவேண்டின், ஒவ்வொரு கல்லுக்கும் வரிசையெண் இட்டு, படம் எடுத்து, எழுத்துள்ளவற்றை மைப்படி எடுத்த பின்னரே கை வைத்தல் வேண்டும். மின்விளக்கிற்கெனத் தூணில் துளையிடுதலும், உபயதாரர் பெயர்ப்பலகையைப் பழைய எழுத்தின்மேல் பதித்தலும் அறவே நீக்கத்தக்கன. புதிய பெயர் விளங்குதற்குப் பழைய பெயர் மறைய வேண்டுவதில்லை. திருக்கோடிகாவின் சுவரில் இரண்டிற்கும் இடம் இருந்தது.

குடியிருப்போரும் புதுக்குவோரும்

குடியிருந்தபடியே மனையைப் புதுக்குவோன், தான் உறங்கும் அறையைத் தானே இடிக்கின்றான். ஆதலின் அவன் கை அஞ்சி அளந்து விழும். பிறர் மனையை இடிக்கும் கூலியாள்பால் அவ்வச்சம் இராது. கோயில் திருப்பணியிலும் அவ்வேறுபாடு உண்டு. அக்கோயிலில் தன் பாட்டன் கும்பிட்டான், தன் பேரனும் கும்பிடுவான் என்று எண்ணுவோன் உளியை ஓங்குமுன் எழுத்தைப் பார்ப்பான். எண்ணாதவன் கல்லை மட்டும் பார்ப்பான்.

திருக்குட நீராட்டு நிறைவுற்று, யாகசாலையிலிருந்து கடம் புறப்பட்டு, விமானத்தின்மீதும் மூலவர்மீதும் புனித நீர் சொரியப்பெற்ற நாளில், இளங்கோயில் வெறுமையாகும். சில நாளில் அது பிரிக்கப்படும். இருந்த இடமும் தெரியாது. அதுபற்றி வருந்துவார் இலர். பெருமானைச் சிலகாலம் தாங்கி, ஒருநாளும் பூசை தவறாது காத்து, உரிய இடத்தில் சேர்ப்பித்துத் தான் மறைவதே அதன் பணி. அறிந்து நோக்கின், திருப்பணி செய்யும் ஒவ்வொரு தலைமுறையும் ஓர் இளங்கோயிலே. முன்னோர் ஏற்றிய விளக்கையும் அவர் எழுதிவைத்த சொல்லையும் சிலகாலம் தாங்கிப் பின்வருவார் கையில் குறைவின்றிச் சேர்ப்பித்தலே அதற்கு உரிய தொண்டு. அத்தொண்டினைச் செம்பியன் மாதேவியார் செய்தனர். திருமழபாடியில் பதின்மூன்று ஆண்டு ஏட்டைக் காத்த, பெயர் அறியப்படாத கணக்கரும் செய்தனர். இம்மலரைக் கையிற் கொண்டு திருக்கோயிலை வலம்வரும் அன்பர்கள், சுவரின் அடியில் தேய்ந்து நிற்கும் ஒரு வரி எழுத்தினைக் காணின் ஒருகணம் நின்று, அதனைக் காத்தவர்களை நினைந்து கைகூப்புவாராக.

திருச்சிற்றம்பலம்.